பட்டறை போர்டில் வைத்த பொட்டு

நீங்க ஜன்னலோரமே உக்காந்துக்கங்க தம்பி, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்க. உடுமலையில ஏறுனதுல இருந்து வேர்த்துட்டே இருக்குது. காத்துக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல, இது வேற வேர்வை. நான் இப்ப ஒரு வீட்டுக்குப் போறேனுங்க. போயி, அந்த வீட்டம்மா கால்ல விழுந்தாவது ஒரு கல்யாணத்த நின்னு போகாமப் பண்ணோணும். என்ற பொண்ணு கல்யாணமுங்க. பத்திரிகை அடிச்சு ஊரு பூரா வச்சாச்சு. இனி அது இல்லைன்னு ஆச்சுன்னா நான் திரும்பி ஊருக்குப் போற பஸ்ஸுல ஏற மாட்டேன்.

என்ற பேரு கிட்டுச்சாமிங்க. கொப்பரைக் களத்துல மேஸ்திரி. சம்சாரம், பொண்ணு காலேசு படிக்கறப்பவே போயிச் சேந்துட்டா. ஒத்தப் புள்ள, கோகிலவாணின்னு பேரு. கரண்டுப் படிப்பு படிக்கறேன்னா. வேண்டாம் அம்மிணி, டீச்சருக்குப் படின்னு தலைகீழா நின்னு பாத்தேன், கேட்டாத்தானே. இப்பப் பட்டறை பட்டறையாப் போயி லைன் டெஸ்ட் பண்றதுதான் அவ சோலி. மெஷின்ல கரண்டு கசியுதான்னு பாப்பா, கசிஞ்சா லைன் தானா விழுந்து கரண்டு நிக்குதான்னு பாப்பா. விழுந்தாச் சரிம்பா, விழலைன்னா சரியில்லைம்பா. அந்தச் சரியில்லைங்கற ஒரு வார்த்தையிலதானுங்க என்ற குடி முழுகிப்போச்சு.

செவ்வாய் தோசமுங்க அவளுக்கு. வந்தவனெல்லாம் ஜாதகத்தப் பாத்துப்போட்டுக் காப்பி கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனான். முப்பத்தொண்ணு ஆயிப்போச்சு. களத்துல எனக்குப் பின்னாடி பேசறது என்ற காதுலயே விழுகும். ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியாது, ஒரு எழவு வீட்டுக்குக் கூடப் போக முடியாது தம்பி, அங்கயும் கேப்பாங்க, இன்னும் ஒண்ணும் அமையலையான்னு. இப்படி இருக்கறப்பத்தான் இந்த இடம் வந்துது. பையனுக்கும் அதே தோசம். பேரு யுவராஜு. சுந்தராபுரத்துக்குப் பக்கத்துல சொந்தமா மோட்டார் பம்பு பட்டறை. முன்னாடி பட்டறை, பின்னாடி வீடு, எல்லாம் ஒரே காம்பவுண்டு, ஒரே கரண்டு லைன். எனக்குச் சாமியே நேர்ல வந்த மாதிரி இருந்துச்சு.

சம்பந்தி பேரு நாச்சிமுத்து. எப்பேர்ப்பட்ட மனுசன்னு கேளுங்க. டிரில்லிங் மெஷின்ல, லேத்துல நிக்கறவங்க எல்லாருக்கும் காலடியில மரப்பலகை போட்டுக் குடுத்திருக்காரு. வெறும் சிமெண்டுத் தரையில நாளு பூரா நின்னாக் கால் வலிக்குமில்லைங்களா. ரப்பர் செருப்பும் அவரே வாங்கித் தர்றாராமா, அதப் போடாம மெஷினத் தொடக் கூடாதுன்னு அவ்வளவு கண்டிசன். வேலைக்காரங்க மேல இத்தன அக்கறை இருக்கற முதலாளிய நான் பாத்ததில்லீங்க. எங்க களத்துல எங்களுக்கு ஒரு சாக்குக் கூடப் போட மாட்டாங்க.

அவரு சம்சாரம் சரோஜினியம்மா, அவுங்க சுத்தம் இருக்குதே, அது தனி. பாத்ரூமுக் கொழாயக் கூட வெறுங்கையில தொட மாட்டாங்க. பக்கத்துல ஒரு காஞ்ச துணி தொங்கும், அதச் சுத்தித்தான் திருகுவாங்க. மொதத் தடவ நான் கை கழுவப் போனப்ப அடுப்படியில இருந்து ஓடி வந்து, "அண்ணா, ஈரக்கையோட கொழாயத் தொடாதீங்க, துணியப் புடிச்சுத் திருகுங்க"ன்னு சொன்னாங்க. இப்படிச் சுத்தம் பாக்கற மாமியாகிட்ட என்ற பொண்ணு போனா நல்லாப் பழகிக்குவான்னு நெனச்சேன்.

உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணியாச்சு. மண்டபம் சொல்லியாச்சு. முகூர்த்தப் பட்டு எடுக்கறதுக்கு நானும் கோகிலாவும் கோயமுத்தூருக்கு வந்தோம். அவுங்க வீட்டுல எறங்கி, எல்லாரும் சேந்து ஒரே வண்டியில கடைக்குப் போறதாப் பேச்சு. அன்னைக்கு அமாவாசை. பட்டறையில பூசை நடந்துட்டு இருக்குது. பூசணிக்காய் சுத்தி ஒடைச்சாச்சு. அவுங்களுக்கு ஒரு பழக்கமுங்க, எந்த மெஷினுக்கும் முன்னாடி மொதப் பொட்டு கரண்டு போர்டுக்குத்தான். வீட்டம்மா கையாலதான் வைக்கோணும். போர்டு நடுவுல இருக்கற டிரிப்பர் மேலதான் வைப்பாங்க. மாசாமாசம் வச்சு வச்சு, காஞ்சது மேல காஞ்சு, சந்தனம் அப்படியே மேடு தட்டிப் போயிக் கெடந்துச்சு. நாங்கூடக் கையெடுத்துக் கும்புட்டேன்.

டிரிப்பர்னா ஒண்ணுமில்லீங்க. மெஷின் மேல கரண்டு எறங்கி நிக்கறப்ப யாராச்சும் தொட்டாங்கன்னா, தொட்ட மாத்திரத்துல லைன வெட்டி உசுரக் காப்பாத்தற சாமான். அதுல ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அத அமுக்குனா டப்புன்னு விழோணும். இதெல்லாம் நானா படிச்சேன்? இந்தச் சனியனால வாரக்கணக்காச் சண்டை போட்டுப் போட்டு மனப்பாடமே ஆயிப்போச்சு.

சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் நிக்கறாங்க. சம்பந்திக்கு மருமகளப் பத்தி ஒரே பெருமை. "எங்க மருமக கரண்டு டெஸ்ட் பண்ற ஆபீசருங்க. வா அம்மிணி, நம்ம பட்டறையப் பாத்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு வார்த்த சொல்லு"ன்னாரு. இவ, "இன்னைக்கு வேண்டாங்க மாமா, பூசை நாளாச்சே"ன்னா. அத்தோட விட்டிருக்கலாம். பெரியவங்க ஆசையாக் கேக்கறப்ப மாட்டேங்கறது மரியாதை இல்லீன்னு நான் முதுகுல கை வச்சுத் தள்ளி, "போ சாமி"ன்னேன். சும்மா ஒரு பார்வை பாத்துப்போட்டு நல்லாருக்குதுங்க மாமான்னு சொல்லிட்டு வருவான்னு பாத்தா, போர்டுகிட்டப் போனவ மாராப்புல குத்தியிருந்த ஊக்கக் கழட்டறா.

எதுக்குங்கறீங்க? பட்டன் சந்தனத்துக்கு அடியிலயாமா. ஊக்கு மொனையில வச்சு நோண்டுனா பாருங்க. அந்தம்மா குளிச்சு முழுகி, ஈரத்தலையோட அப்பத்தான் வச்ச பொட்டு. குங்குமம் ஈரங் கூடக் காயல. அது பொலபொலன்னு உதுந்து தரையில விழுகுது. மருமகளா வரப்போறவ, வீட்டு வாசப்படி மிதிச்ச நாள்ல, அமாவாசையும் அதுவுமா, பொட்ட அழிக்கறா. அந்தம்மா தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு அப்படியே நின்னாங்க.

பட்டன அமுக்குனா. விழல. மறுக்கா அமுக்குனா, விழல. சரி, அதோட வந்திருக்கலாமில்ல? ஒரு பல்பும் ரெண்டு வயரும் கேட்டா. ஒரு வயர கரண்டுலயும் இன்னொண்ண, கசியற கரண்ட மண்ணுக்குள்ள எறக்கற எர்த்துலயும் வச்சா, டிரிப்பர் நல்லாருந்தா அந்த நிமிசமே லைன் விழோணுமாமா. லைன் விழுகாம பல்பு எரிஞ்சா டிரிப்பர் கெட்டுது. பல்பே எரியலைன்னா எர்த்தே இல்லீன்னு அர்த்தமாமா. இவ வச்சா, பல்பு எரியல. நான் உடனே, "பல்பு பீசு போயிருக்கும் அம்மிணி, பழைய பல்பாட்டந் தெரியுது"ன்னு சமாளிச்சேன். கூட இருந்தவங்களும் ஆமா ஆமான்னு சொன்னாங்க. அந்தப் பேச்சப் புடிச்சுக்கிட்டு வந்திருக்க வேண்டாமா? அதே பல்ப எதுத்தாப்புல ஓல்டர்ல மாட்டிச் சுச்சுப் போட்டா. பளிச்சுன்னு எரியுது. அப்பன் வாயில மண்ணு.

அப்புறம் போர்டு மூடியத் தொறந்தாங்க. அந்த டிரிப்பருக்கு வயரே போகலியாமா. மழை காலத்துல அது அடிக்கடி விழுந்து வேலை கெட்டுப்போகுதுன்னு, எப்பவோ ஒரு எலக்ட்ரீசியன் வந்து அதத் தாண்டி நேரா வயர் குடுத்துட்டுப் போயிருக்காரு. அதுக்கப்பறம் ஒரு நாளும் விழுந்ததே இல்லியாமா. நல்ல கைராசிக்காரரு போல. இவ என்னடான்னா எல்லாரும் இருக்கறப்பவே சம்பந்திகிட்ட, "மாமா, லைன நிறுத்தச் சொல்லுங்க. சரி பண்ற வரைக்கும் யாரும் மெஷினத் தொட வேண்டாம்"ங்கறா. பூசை முடிஞ்சு மெஷின் ஓட்டற நேரத்துல, நிறுத்துன்னு எவளாச்சும் சொல்லுவாளா? சம்பந்தி முகம் சுண்டிப்போச்சு. பட்டு எடுக்க யாரும் போகலீங்க. சாப்புடச் சொல்லி ஒரு வார்த்த இல்ல.

வீட்டுக்கு வந்து நான் பேசுன பேச்சுக்கு அளவில்ல. அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. "ஏப்பா, அந்தப் பலகையெல்லாம் கால் வலிக்குன்னா போட்டிருக்காங்க? அத்தை கொழாயத் துணி வச்சுத் திருகறது சுத்தத்துக்குன்னா நெனச்சே?"ன்னா. பாருங்க தம்பி, தாலி ஏறல, அதுக்குள்ள மாமியாளக் குத்தம் சொல்றா. இந்தக் காலத்துப் புள்ளைங்க மனசுல எம்புட்டு விசம் இருக்குதுங்கறீங்க.

மாப்பிள்ளை தங்கமுங்க, அதச் சொல்லோணும். அவரே போன் பண்ணுனாரு. "மாமா, கோகிலா சொன்னது நெசந்தானுங்க. அப்பாகிட்ட என்னால பேச முடியல. ஆனா எங்களுக்கு இது பழகிப்போச்சுங்க. மழ பேஞ்சா சுருக்குன்னு ஒரு இழுப்பு இழுக்கும், கைய ஒதறிக்குவோம். சின்னதுல இருந்து இப்படித்தான், ஒண்ணும் ஆகல"ன்னாரு. எவ்வளவு பொறுமை பாருங்க. நான் அத அப்படியே கோகிலாகிட்டச் சொன்னேன். அப்பன் சொன்னாத்தான் ஏறாது, கட்டிக்கப் போறவன் சொன்னாலாச்சும் ஏறும்னு நெனச்சேன். அவ வாயப் பொத்திக்கிட்டு அழுதா. அவ மனசுக்குள்ள அந்தப் பையன் இருக்கறான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எனக்கு அதுக்கப்பறம்தான் வெசனம் எச்சாப்போச்சு. ஆசைப்பட்டுட்டா தம்பி. ஆயுசுல மொதத் தடவையா ஒண்ணுக்கு ஆசைப்பட்டிருக்கறா, அதையும் அவளே ஊக்குல நோண்டி எறிஞ்சுட்டு வந்துட்டா.

முந்தாநாளு சொல்லி அனுப்பிச்சாங்க. அந்தம்மா ராவெல்லாம் தூங்கறதில்லியாமா. பொட்டு அழிஞ்சது குடும்பத்துக்கு ஆகாதுன்னு யாரோ சொல்லிப்போட்டாங்களாமா. அதுக்குப் பரிகாரமா, உங்க பொண்ணு வேலைய விட்டுப்போட்டு வரோணும், அவ கையாலயே அந்த போர்டுக்குப் பொட்டு வைக்கோணும், அன்னைக்கு நின்ன ஒறம்பரைக்கு முன்னாடி, நாஞ் சொன்னது தப்பு, லைன் நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லோணும். சம்மதம்னா இன்னைக்கு வந்து வாக்குக் குடுங்க, இல்லீன்னா மண்டபத்துக்கு வேண்டாம்னு சொல்லிப்போடறோம்னாங்க. இதுல என்னங்க தப்பு? ஒரு வார்த்த. வாயில இருந்து வர்ற ஒரு வார்த்தைக்குக் காசா பணமா?

இவ சொல்றா, "பொட்டு வைக்கறேன்ப்பா. வேலையக் கூட விட்டுடறேன். நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அத நம்பித்தான நாளைக்கு ஒருத்தர் மெஷின்ல கை வைப்பாங்க"ன்னு. நான் கத்துனேன். தலையில அடிச்சுக்கிட்டேன். உங்கம்மா இருந்திருந்தா இப்படிப் பண்ணுவியான்னு கேட்டேன். ஒண்ணுக்கும் மசியல. கடேசில, சொல்றதுக்கு வெக்கமா இருக்குதுங்க, பெத்த புள்ள கால்ல நெடுஞ்சாண் கெடையா விழுந்துட்டேன். "இந்தக் கெழவன் கண்ணு மூடறதுக்குள்ள உன்னய ஒரு வீட்டுல பாத்துப்போடறேன் சாமி, எம்மேல எரக்கம் காட்டு"ன்னு கேட்டேன். அவ பதறிப்போயி என்னயத் தூக்கி உக்கார வச்சா. ரெண்டு பேரும் நெம்ப நேரம் அழுதோம்.

அதுக்கப்பறம் மூஞ்சி கழுவிப்போட்டு வெளிய போனா. திரும்பி வர்றப்ப ஒரு சின்ன அட்டப் பெட்டி. புது டிரிப்பர். "அப்பா, இதக் கொண்டு போயி மாமாகிட்டக் குடு. எர்த் குழிய அப்புறம் பாத்துக்கலாம், எர்த் இல்லீன்னாலும் இது மனுசனக் காப்பாத்திரும். பழசக் கழட்டிப்போட்டு இத மாட்டட்டும். மாட்டிட்டாங்கன்னு நீ சொல்லு, நான் வர்றேன். பொட்டு வைக்கறேன், லைன் நல்லாருக்குதுன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றேன். அப்ப அது பொய்யில்லையில்ல"ன்னா. காலையில என்ற பையில பழத்துக்கும் பூவுக்கும் அடியில அவளே வச்சு அனுப்பிச்சா. "மாட்டறதுக்கு முன்னாடி யாரையும் ஈரக்கையோட எதையும் தொட விடாதப்பா, நீயும் தொட்டுறாத"ன்னு பஸ்டாண்டு வரைக்கும் சொல்லிட்டே வந்தா.

இந்தாங்க, இதுதானுங்க அந்தப் பெட்டி. கிணத்துக்கடவு தாண்டுனதுல இருந்து இதையேதான் யோசிச்சுட்டு வர்றேன். நீங்களே சொல்லுங்க, மன்னிப்புக் கேக்கப் போறவன் தட்டத்துல இதையும் வச்சு நீட்டுனா எப்படி இருக்கும்? உங்க போர்டு ஓட்டை, இந்தாங்க புதுசுன்னு மூஞ்சில அடிக்கற மாதிரி ஆகாதா? அந்தம்மா பழத்தையும் சேத்து வெளிய வீசிப்போடுவாங்க. வெத்தல பாக்கோட இதக் குடுத்த சம்பந்தி எவனாச்சும் உண்டா? நான் யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. இதக் குடுக்கப் போறதில்ல. கால்ல விழுகறதோட சரி. தாலி ஏறட்டும், அந்த வீட்டு மருமகளாப் போனதுக்கப்பறம் அவளே பக்குவமாச் சொல்லி மாட்டிக்கட்டும். கொஞ்ச நாளைக்கு அவளும் துணி வச்சுத் திருகிட்டுப் போறா. எத்தன வருசமா அவுங்க திருகலையா?

கீழ போடவும் மனசு வரலீங்க, புள்ள ஆசையா வாங்கிட்டு வந்தது. உங்களுக்குக் கொழந்தைங்க இருக்குதுங்களா? ரெண்டும் பொண்ணா? அப்ப நீங்களே வச்சுக்கங்க. அட வாங்கிக்கங்க தம்பி, பையில போடுங்க. நல்ல எலக்ட்ரீசியனாக் கூப்புட்டு மாட்டுங்க. மாசம் ஒருக்கா அந்தப் பட்டன அமுக்கிப் பாக்கோணும், டப்புன்னு விழோணும், விழலைன்னா உடனே மாத்திப்போடுங்க. பொம்பளப் புள்ளைங்க கொழாயத் தொடும், கிரைண்டரத் தொடும், கரண்டு விசயத்துல மட்டும் அசட்டையா இருந்தறாதீங்க.

இருங்க, போன்ல அவதான் கூப்புடறா. ஆங், சொல்லு அம்மிணி. வந்துட்டேன் கண்ணு, இங்கதான் இருக்கறேன். குடுத்துட்டேன். ம். வாங்கிக்கிட்டாரு, ஒண்ணும் கோவிச்சுக்கல. மாட்டியாச்சு சாமி, என்ற கண்ணு முன்னாடியே மாட்டுனாங்க. ஆமா, பட்டன அமுக்கிப் பாத்தாங்க. விழுந்துச்சு. டப்புன்னு விழுந்துச்சு. அட எதுக்கு அழுகறே, எல்லாந்தான் நல்லபடியா முடிஞ்சுதே. நீ நாளைக்கு வந்து பொட்டு வச்சுப்போட்டு அந்த வார்த்தையச் சொல்லீரு. சரி, வையி.

என்னங்க தம்பி, எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? சுந்தராபுரம் வந்துருச்சு. காலக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க, நான் எறங்கோணும்.